செல்போன் காட்டும் இடத்தை எவ்வளவு நம்பலாம்?

சென்னை கே.கே. நகர் போன்ற பகுதிகளில் கீரை, காய்கறி, நாட்டுக்கோழி முட்டை ஆகியவற்றை இடைத்தரகர் இன்றி வீடுகளுக்கே கொண்டு சேர்க்க விரும்பும் விவசாயிக்கு, இன்று யாரும் கதவு எண்ணைச் சொல்வதில்லை. செல்போனில் "லொகேஷன்" அனுப்பிவிடுகின்றனர். பி.டி. ராஜன் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் வண்டியை நிறுத்திப் பார்த்தால், அந்தப் புள்ளி அடுக்குமாடிக் கட்டடத்தின் பின்பக்கத்தில் நிற்கும். சில வேளை அடுத்த தெருவுக்கே போய் நிற்கும். விடிவதற்கு முன் பறித்த கீரையை வைத்துக்கொண்டு தெருத் தெருவாகச் சுற்றினால் வெயில் ஏறுவதற்குள் கட்டு வாடிவிடும்.

இது பட்டணத்து விற்பனையோடு முடிந்துபோகும் தொல்லை அன்று. இதே புள்ளிதான் மானியத்துக்கும் நிவாரணத்துக்கும் எடுக்கப்படும் படங்களில் இடக்குறியாக ஏறுகிறது. மகாத்மா காந்தி ஊரக வேலைத் திட்டத்தில் வெட்டப்பட்ட பண்ணைக்குட்டை, கிணறு போன்றவற்றை இடக்குறியுடன் படம் எடுத்துப் பதியும் முறை 2016-ல் கொண்டுவரப்பட்டது. 2024 நவம்பரில் தமிழ்நாட்டில் நடந்த மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்பில் வேளாண் கல்லூரி மாணவர்களே செல்போனும் கையுமாக வயலில் இறங்கினர். புள்ளி வயலுக்குள் விழுந்தால் பதிவு செல்லும். வயலுக்கு வெளியே விழுந்தால் விவசாயி அலைய வேண்டும். ஆகவே செல்போன் தன் இடத்தை எப்படிக் கணிக்கிறது, எங்கே தவறுகிறது என்பதைச் சிறு விவசாயிகளும் அறிந்துகொள்வது நல்லது.

வானம் தெரிய வேண்டும்

வெட்டவெளியில் செல்போன் செயற்கைக்கோள்களை நம்பியே இடம் பார்க்கிறது. ஜி.பி.எஸ். எனப்படும் அமைப்பின் செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வரும் வானொலி அலை தரையைத் தொடும்போது மிகவும் நலிந்துவிடுகிறது. நாலு பக்கமும் வானம் தெரியும் வயலில் நின்றால் சாதாரண செல்போன் சுமார் 5 மீட்டர் பிழைக்குள் இடத்தைச் சொல்லிவிடும். தென்னந்தோப்பிலோ மாந்தோப்பிலோ நின்றால் பிழை கூடும்.

கான்கிரீட் கூரையின் கீழ் போய்விட்டால் அந்த அலை பெரும்பாலும் வந்து சேருவதே இல்லை. சன்னல் வழியாகச் சிறிது வந்தாலும், எதிர்க் கட்டடத்துச் சுவரில் பட்டுத் திரும்பி வந்ததாக இருக்கும். அலை வந்த நேரத்தை வைத்துத்தான் தூரம் கணக்கிடப்படுகிறது என்பதால், சுற்றி வந்த அலை தூரத்தைக் கூட்டிக் காட்டும். கே.கே. நகரின் வாடிக்கையாளர் தம் வீட்டுக் கூடத்தில் சோபாவில் உட்கார்ந்தபடி அனுப்பும் புள்ளி தப்பாக இருப்பதற்கு இதுவே முதற்காரணம். அவரை வாசல் கேட்டுக்கோ மொட்டை மாடிக்கோ போய் நின்று ஒருமுறை அனுப்பச் சொன்னால் பாதித் தொல்லை தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்குக் கதவு எண்ணையும் மாடி எண்ணையும் எழுதி வாங்கிக்கொள்வதே வழி. செயற்கைக்கோள் புள்ளி தரையின் மேல் இடத்தை ஓரளவு சொல்லுமே தவிர, முதல் மாடியா மூன்றாம் மாடியா என்பதை நம்பத்தகுந்த அளவில் சொல்லாது.

ஆயில் இன்ஜின் சத்தம்

கூரைக்குள் செயற்கைக்கோள் கைவிட்டால் செல்போன் சும்மா இருந்துவிடுவதில்லை. சுற்றிலும் உள்ள வைஃபை பெட்டிகளையும் செல்போன் கோபுரங்களையும் காதுகொடுத்துக் கேட்கிறது.

இதைப் புரிந்துகொள்ள ஆயில் இன்ஜின் ஓடும் கிராமத்து இரவை நினைத்துப் பார்க்கலாம். கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று, வடக்கே ஒன்று என மூன்று கிணறுகளில் இன்ஜின் ஓடுகிறது. ஒவ்வொன்றின் சத்தமும் ஊராருக்குத் தனித்தனியாக அடையாளம் தெரியும். வரப்பில் இருட்டில் நடந்து வருபவர், கிழக்குக் கிணற்று இன்ஜின் பலமாகவும் மற்ற இரண்டும் மெலிந்தும் கேட்டால், தாம் கிழக்குப் பக்கம் நிற்பதை விளக்கு இல்லாமலே சொல்லிவிடுவார். செல்போன் செய்வதும் இதுவே. ஒவ்வொரு வைஃபை பெட்டியும் தனக்கென ஓர் அடையாள எண்ணை விடாமல் ஒலிபரப்பிக்கொண்டிருக்கிறது. எந்த எண் எந்த இடத்தில் கேட்கிறது என்ற பட்டியலைக் கூகுள், ஆப்பிள் போன்ற பெரிய நிறுவனங்கள் வைத்துள்ளன. தெருவில் போய்வரும் செல்போன்களே இந்தப் பட்டியலுக்கு ஓயாமல் தகவல் சேர்த்துக்கொண்டிருக்கின்றன. வைஃபைக்குக் கடவுச்சொல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சத்தம் கேட்டாலே போதும்.

தனி வீடுகள் இருந்த மனைகளில் அடுக்குமாடிகள் எழும்பியுள்ள கே.கே. நகரில், ஒரே அறையில் நின்றால் பத்து, இருபது வைஃபை பெட்டிகளின் அலைகள் கேட்கும். எனவே அங்கே கூரைக்குள்ளும் புள்ளி 20, 30 மீட்டர் வித்தியாசத்தில் வந்துவிடுகிறது. அத்தகைய பெட்டிகள் அருகிய கிராமத்தில் செல்போனுக்குக் கோபுரமே கதி. அப்போது பிழை நூற்றுக்கணக்கான மீட்டர் இருக்கலாம். சில இடங்களில் ஒன்றிரண்டு கிலோமீட்டரும் ஆகலாம். பட்டணத்து வீட்டுக்குள் ஓரளவு சரியாகக் காட்டிய செல்போன் கிராமத்து வீட்டுக்குள் தடுமாறுவதற்குச் செல்போனின் தரம் காரணம் அன்று.

சத்தத்தின் பலத்தை வைத்துத் தூரம் சொல்வதில் ஒரு சிக்கல் உண்டு. வெட்டவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் அலையின் பலம் நான்கில் ஒன்றாகக் குறையும். இடையில் சுவர் வந்தால் கணக்கு மாறிவிடும். கம்பி கட்டிய கான்கிரீட் சுவர், வந்த அலையில் பத்தில் ஒரு பங்கைக்கூடப் பல வேளைகளில் அப்பால் விடுவதில்லை. ஆகவே சத்தம் மெலிந்து கேட்பதால் இன்ஜின் தொலைவில்தான் இருக்கிறது என முடிவு கட்ட முடியாது. பக்கத்தில் இருந்தும் நடுவில் சுவர் நிற்கலாம்.

மண் மாதிரி எடுப்பது போல

இந்தச் சிக்கலுக்கு ஒரு நல்ல வழியை அமெரிக்காவில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் பணியாற்றிய பரம்வீர் பால், வெங்கட பத்மநாபன் ஆகிய இருவரும் 2000-ம் ஆண்டில் வெளியிட்டனர். இருவருமே இந்திய வம்சாவளியினர். தூரத்தைக் கணக்குப் போட்டுக் காண்பதைவிட, ஒவ்வோர் இடத்திலும் அலை எப்படிக் கேட்கிறது என்று முன்கூட்டியே அளந்து எழுதி வைத்துக்கொள்ளலாம் என்பது அவர்களது யோசனை. ஏறக்குறைய 43 மீட்டர் நீளமும் 22 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு மாடியில் மூன்று வானொலி நிலையங்களை வைத்து, 70 இடங்களில் நின்று அலையின் பலத்தைக் குறித்தனர். பிறகு யாராவது அந்த மாடியில் நின்றால், அவரது கருவிக்குக் கேட்கும் மூன்று அளவுகளும் பட்டியலில் எந்த இடத்தின் அளவுகளோடு ஒத்துப்போகின்றன என்று பார்த்தால் போதும். சரிபாதி சோதனைகளில் பிழை இரண்டு, மூன்று மீட்டருக்குள் அடங்கிற்று.

இது மண் வளத்தை அறிய வயலில் மாதிரி எடுப்பதைப் போன்றதுதான். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. மண் மாதிரியில் பத்துப் பதினைந்து இடங்களில் ஆங்கில 'வி' வடிவக் குழி எடுத்து, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, கால் பங்கு கால் பங்காகக் குறைத்து அரைக் கிலோ அனுப்புகிறோம். இங்கே கலந்துவிட்டால் எல்லாமே வீண். ஒவ்வோர் இடத்தின் அளவும் தனித்தனியே இருந்தால்தான் இடம் தெரியும்.

அந்த ஆய்வில் விவசாயிகளுக்கும் சுவையான ஒரு செய்தி உள்ளது. அவர்கள் ஒவ்வோர் இடத்திலும் நான்கு திசைகளுக்கும் திரும்பி நின்று அளந்தனர். ஒரே இடத்தில் நின்றாலும், நிலையத்துக்கு முகத்தைக் காட்டினால் ஓர் அளவும் முதுகைக் காட்டினால் வேறோர் அளவும் கிடைத்தது. நடுவில் மனித உடம்பு நின்று அலையை மறைப்பதே காரணம். டிரான்சிஸ்டர் ரேடியோவைத் திருப்பித் திருப்பி வைத்துச் செய்தி கேட்ட பழைய தலைமுறையினருக்கு இப்படிப்பட்ட கூத்து புதிதன்று.

மண் பரிசோதனை முடிவு எக்காலத்துக்கும் செல்லாதது போல இந்தப் பட்டியலும் நாளாவட்டத்தில் பழசாகிவிடும். ஓர் இரும்பு பீரோவை நகர்த்தினாலும், புதிதாக ஒரு சுவர் எழுப்பினாலும் அளவுகள் மாறும். பெரிய வணிக வளாகம், விமான நிலையம் போன்ற இடங்களில் செலவு செய்து அளப்பவர்கள் உண்டு. ஒரு சாதாரணக் குடியிருப்பின் ஒவ்வோர் அறையையும் அளக்க யார் வருவார்கள்?

இடம் மாறிய வைஃபை பெட்டி

இப்போது சொல்லப்போவது சிறு விவசாயிகள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது. கே.கே. நகரில் குடியிருந்த மகன் வீட்டைக் காலி செய்துவிட்டு ஊருக்கே திரும்புகிறார் எனக் கொள்ளலாம். சாமான்களோடு வைஃபை பெட்டியும் வருகிறது. ஊரில் இணைப்பு வாங்கி அதே பெட்டியைக் கூடத்தில் மாட்டுகிறார். நிறுவனங்களின் பட்டியலில் அந்தப் பெட்டியின் எண் இன்னமும் கே.கே. நகரில்தான் இருக்கும். வீட்டுக்குள் உட்கார்ந்து செல்போனைத் திறந்தால், செயற்கைக்கோள் கிடைக்காத நிலையில், அந்தப் பெட்டியின் சத்தத்தை மட்டும் கேட்கும் செல்போன் தான் சென்னையில் இருப்பதாகவே கணித்துவிடக்கூடும். பட்டியல் திருத்தப்படும் வரை, சில நாட்களோ சில வாரங்களோ, இந்தக் குழப்பம் நீடிக்கலாம்.

இந்த நிலையில், வெள்ளத்தில் சாய்ந்த நெற்கதிரை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து, தாழ்வாரத்தில் வைத்துப் படம் எடுத்தால் என்ன ஆகும்? தஞ்சாவூர்ப் பயிருக்குச் சென்னை இடக்குறி விழும். விவசாயி பொய் சொன்னதாக அதிகாரி நினைப்பார். அதிகாரி வேண்டுமென்றே தள்ளிவிட்டதாக விவசாயி நினைப்பார். இருவர் மேலும் குற்றம் இல்லை. படத்தை வயலில் நின்று எடுத்திருந்தால் இந்த வம்பே வந்திராது.

தகரம், தண்ணீர், உடம்பு

வைஃபை, புளூடூத் ஆகியவை பெரும்பாலும் பயன்படுத்தும் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாண் கூட இல்லை. இந்த அலையைத் தகரம் கண்ணாடி போலத் திருப்பி அடிக்கும். தண்ணீர் அதை விழுங்கும். ஈரம் காயாத நெல் மூட்டை, வாழைத்தார், மாடு, மனிதன் எல்லாமே அலைக்குத் தண்ணீர்ப் பானைகள்தாம்.

இதன் விளைவை நாடே கண்ட சந்தர்ப்பம் 2020-ல் வந்தது. கொரோனா காலத்தில், ஏப்ரல் 2 அன்று மத்திய அரசு ஆரோக்கிய சேது என்ற செயலியை வெளியிட்டது. அருகருகே வரும் இரண்டு செல்போன்கள் புளூடூத் அலையால் ஒன்றையொன்று குறித்துக்கொள்ளும். பின்னர் ஒருவருக்கு நோய் என்று தெரிந்தால் அவருக்கு அருகில் இருந்தவர் யார் யார் என்று கண்டுபிடிக்கலாம் என்பது ஏற்பாடு. அடுத்த சில வாரங்களில் கே.கே. நகருக்குச் சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள கோயம்பேடு சந்தையில் தொற்று பரவி, மே 5 அன்று சந்தை மூடப்பட்டது. காய்கறி மொத்த வியாபாரம் திருமழிசைக்கு மாறிற்று. செப்டம்பர் 28 அன்றுதான் கோயம்பேட்டில் காய்கறிக் கடைகள் மீண்டும் திறக்கப்பட்டன. அந்த மாதங்களில் விளைந்ததை வந்த விலைக்குத் தள்ளியவர்களும் வயலிலேயே உழுது மடக்கியவர்களும் அதை மறந்திருக்க மாட்டார்கள்.

இரண்டு பேரிடமும் அந்தச் செயலி இருந்தால்தான் அது வேலை செய்யும். மூட்டை தூக்குபவர் கையில் பட்டன் செல்போன் இருந்தால் அவர் கணக்கிலேயே வரமாட்டார். இருவரிடமும் இருந்தாலும், தகரமும் மூட்டையும் நெருக்கடியும் நிறைந்த இடத்தில் புளூடூத் அலையின் பலம் உண்மைத் தூரத்தைச் சொல்லுமா? அயர்லாந்து நாட்டு டப்ளின் நகரின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் அதே 2020-ல் டிராம் வண்டிக்குள் செல்போன்களை வைத்துச் சோதித்தனர். உலோக உடலில் அலை பட்டுத் திரும்புவதால், சில வேளை தூரம் கூடக்கூட அலையும் பலமாகவே கேட்டது. அருகில் இருப்பவரின் செல்போன் இடுப்புப் பையில் உடம்பால் மறைந்திருந்தால் அவர் தொலைவில் இருப்பதாகத் தெரியும். மக்கள் உயிர் சம்பந்தப்பட்ட வேலைக்கு இந்த அளவுகோல் சற்று முரட்டு அளவுகோல்தான்.

இதே காரணத்தால்தான் தகரக் கொட்டகை போட்ட மோட்டார் அறையில் செல்போன் ஸ்டார்ட்டர் சில நாள் கேட்கும், சில நாள் கேட்காது. புதிய ஸ்டார்ட்டர் வாங்குவதற்கு முன் அதன் ஏரியலை இரும்புப் பெட்டிக்கும் தகரக் கூரைக்கும் வெளியே, ஒரு மரக்கம்பில் உயரக் கட்டிப் பார்ப்பது நல்லது. வயரை நறுக்கி ஒட்டுப்போடாமல், நீளமான வயருடன் கூடிய ஏரியலையே கேட்டு வாங்க வேண்டும்.

மாட்டுத் தொழுவத்தில்

ஜெர்மனி, ஆஸ்திரியா போன்ற நாடுகளில் நூற்றுக்கணக்கான பசுக்களைக் கட்டாமல் பெரிய கொட்டகைக்குள் உலவவிடும் பண்ணைகளில், எந்தப் பசு எங்கே நிற்கிறது என்பதை வானொலி அலையால் காட்டும் கருவிகள் விற்பனைக்கு வந்துள்ளன. பசுவின் காதிலோ கழுத்திலோ சிறு கருவி இருக்கும். கூரையில் பல ஏரியல்கள் இருக்கும். இவற்றில் சில, அலையின் பலத்தை விட்டுவிட்டு அலை வந்து சேரும் நேரத்தை அளக்கின்றன. மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று விநாடி சென்றால் இடி ஒரு கிலோமீட்டரில் விழுந்ததாகக் கணக்கிடுவதைப் போன்றது இது. ஒலி போலன்றி, வானொலி அலை ஒரு விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்திற்குள் ஏறக்குறைய ஓர் அடி ஓடிவிடும். அவ்வளவு நுணுக்கமான கடிகாரம் வேண்டும் என்பதால் விலையும் கூடுகிறது. தீவனத் தொட்டிக்கு வராத பசு, ஒரு மூலையிலேயே படுத்திருக்கும் பசு, பருவத்துக்கு வந்து ஓயாமல் நடக்கும் பசு ஆகியவற்றை அங்கே இந்தக் கருவி பிரித்துச் சொல்லிவிடுகிறது.

மூன்று மாடு வைத்திருப்பவருக்கு இது வேண்டுமா? கட்டுத்தறியில் நிற்கும் மாட்டின் இடத்தைக் காட்ட ஒரு கருவி தேவையில்லை. பசு பருவத்துக்கு வந்ததைக் கண்டறியக் காலையிலும் மாலையிலும் அரை மணி நேரம் அருகில் இருந்து பார்ப்பதும், முந்தைய பருவம் கண்ட தேதியைக் காலண்டரில் குறித்து 21-ம் நாளை ஒட்டி விழிப்பாக இருப்பதும் போதும். காலையில் பருவம் தெரிந்தால் மாலையிலும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையிலும் சினை ஊசி போடுவது என்ற வழக்கமான முறையே சரியானது.

கால்நடைத் துறையினர் காதில் பொருத்தும் மஞ்சள் வில்லையைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உலவுகிறது. அதில் 12 இலக்க எண்ணும் கோட்டுக் குறியும் உள்ளன. மாட்டின் அடையாளத்துக்கும், தடுப்பூசி, காப்பீட்டுப் பதிவுக்கும் அது தேவை. ஆனால் அதிலிருந்து எந்த அலையும் வருவதில்லை. காணாமற்போன மாட்டை அந்த வில்லையை வைத்து செல்போனில் தேடிக் கண்டுபிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

படம் எடுப்பதற்கு முன்

வயலில் இடக்குறியுடன் படம் எடுக்கப்போகும் விவசாயி, செல்போனை வீட்டிலேயே திறந்து செயலியை ஆயத்தப்படுத்திக்கொண்டு ஓடக் கூடாது. வயலின் நடுப்பகுதிக்குப் போய், மரத்தையும் மோட்டார் கொட்டகையையும் விட்டு விலகி, வானம் தெரியும் இடத்தில் இரண்டு நிமிடம் நிற்க வேண்டும். இணையம் கிடைக்காத வயலில் செல்போன் செயற்கைக்கோளிடமிருந்தே விவரங்களைக் கேட்டு வாங்க வேண்டியிருப்பதால் குறைந்தது அரை நிமிடம், சில வேளை பல நிமிடங்கள் பிடிக்கும். வரைபடத்தைத் திறந்தால் புள்ளியைச் சுற்றி நீல வட்டம் தெரியும். அந்த வட்டம்தான் செல்போன் தன் பிழையைத் தானே ஒப்புக்கொள்ளும் அளவு. வட்டம் சுருங்கி ஒடுங்கிய பிறகே படம் எடுக்க வேண்டும். சில செயலிகளில் பிழை மீட்டரில் எண்ணாகவே தெரியும். அது பத்துக்குக் கீழ் வரும் வரை காத்திருப்பது நல்லது.

செயலி முதன்முறை அனுமதி கேட்கும்போது "துல்லியமான இடம்", "தோராயமான இடம்" என இரண்டு வழிகளைக் காட்டும். ஆண்ட்ராய்டு செல்போன்களில் தோராயமான இடம் என்றால் சுமார் 3 சதுர கிலோமீட்டருக்குள் எங்கோ என்று பொருள். பயிர்ப் பதிவுக்கும் மானியத்துக்கும் உரிய அரசுச் செயலிக்குத் துல்லியமான இடத்தைக் கொடுக்க வேண்டும். விளையாட்டுக்கும் கடன் விளம்பரத்துக்கும் உரிய செயலிகள் கேட்டால் எதையுமே கொடுக்க வேண்டியதில்லை.

அடுத்தவர் செல்போனுக்குப் படத்தை அனுப்பி அங்கிருந்து பதிவேற்றுவதும் கூடாது. பல வேளைகளில் அனுப்பும்போதே இடக்குறி உதிர்ந்துவிடும். வரப்புத் தகராறுக்கும் இந்தப் புள்ளியைச் சாட்சியாக்க முடியாது. ஒரு சென்ட் நிலம் சதுரமாக இருந்தால் அதன் பக்கம் சுமார் 6.4 மீட்டர்தான், செல்போனின் பிழையே 5 மீட்டர் இருக்கும்போது எல்லைக் கல்லுக்கு அது ஈடாகாது. அதற்கு நில அளவரையே அழைக்க வேண்டும்.

பயிர்க் காப்பீடு செய்தவர்கள் ஆலங்கட்டி மழை, வெள்ளம் போன்றவற்றால் தம் வயலில் ஏற்பட்ட சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. செல்போன் புள்ளி சரியாக விழவில்லை என்று காத்திருந்து அந்த நேரத்தைத் தவறவிடக் கூடாது. கட்டணமில்லா எண் 14447-ஐ அழைத்தோ, வங்கி அல்லது வேளாண்மை அலுவலர் மூலமோ தெரிவித்துவிட்டு, படத்தைப் பிறகு வயலில் நின்று எடுத்துக்கொள்ளலாம். அழைக்கும்போது காப்பீட்டு விண்ணப்ப எண், சர்வே எண், விதைத்த தேதி ஆகிய மூன்றும் ஒரு தாளில் எழுதிக் கையில் இருக்கட்டும்.